ராணி அழுதாரா, அழலையா?

'தி க்ரவுன்' பார்த்திருக்கீங்களா பாஸ்? 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த மூணாவது சீஸன், மூணாவது எபிசோட். கல்நெஞ்சையும் கரைக்கிற ரகம்!

வேல்ஸில் இருக்கு அபர்வான் கிராமம். ஊருக்கு மேலே, நீரூற்று மேலேயே நிலக்கரிக் கழிவை மலையா கொட்டி வெச்சிருந்தாங்க. 1966 அக்டோபர் 21, காலை. அது சரிஞ்சு பள்ளிக்கூடத்தை மூடிடுச்சு. பலி 144. அதில் குழந்தைகள் மட்டும் 116.

எலிசபெத் ராணி அங்கே போனது எட்டு நாள் கழிச்சு. சீரியலில் அவங்க ஈரமே இல்லாத கண்ணைத் துடைக்கிற மாதிரி காட்டினதும் ஆரம்பிச்சது பட்டிமன்றம். 'நிஜமாவே அழுதாங்க', 'இல்லை, நடிப்பு'னு ரெண்டு கோஷ்டி.

நீங்க எந்தக் கோஷ்டியா வேணா இருங்க. ஆனா, இதையும் தெரிஞ்சுக்கங்க. தப்பு தேசிய நிலக்கரி வாரியத்து மேலதான்னு 1967-லேயே விசாரணை ஆணையம் சொல்லிடுச்சு. அப்புறமும், மிச்சக் கழிவு மேடுகளை அகற்ற, ஜனங்க அனுப்பின நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு வாங்கிக்கிச்சு அரசாங்கம். பிள்ளையைப் பறிகொடுத்தவங்க காசு! திருப்பிக் கொடுத்தது 1997-ல். அதுவும் வட்டி இல்லாம.

ராணியோட கண்ணீரைப் பத்திப் பேசின வாய், இந்தக் காசைப் பத்தியும் பேசணுமா இல்லையா? சொல்லுங்க!