மிளகு உளுந்தான கதை

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு மல்லாட்டையைத் தேடிக்கிட்டு இருந்தேன்.

கொல்லியில இல்லைங்க, கம்ப்யூட்டர்ல.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லின்னா விளைநிலம், மல்லாட்டைன்னா வேர்க்கடலை. மணிலாக் கொட்டைன்னு கப்பலேறி வந்த பேரு, எங்க தென்னாற்காட்டு வாயில உருண்டு உருண்டு மல்லாட்டை ஆயிடுச்சு. எங்க ஆயா வாயில இருந்து இந்த மாதிரி ஒரு இருநூறு சொல்லை 2005-ல உட்கார்ந்து அடிச்சு வெச்சிருந்தேன். அதுல ஒண்ணைத்தான் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லைன்னு பதில் வந்தது. நானே அடிச்சது, என் மெஷின்ல, என் ஃபோல்டர்ல. கிடைக்கவில்லையாம்!

சரி, ஃபைலையே திறந்து பார்ப்போம்னு திறந்தேன். அங்க என்ன இருந்தது தெரியுமா? கே, ஒய், செமிகோலன், ஒய், ஹெச், எல், செமிகோலன், ஐ, எல். அதாங்க மல்லாட்டை!

அந்தக் காலத்து பாமினி ஃபான்ட்ல அடிச்ச பாவம். அப்போ தமிழ் எழுத்துக்குன்னு கம்ப்யூட்டர்ல தனி நாற்காலி வாங்கிக் கொடுக்க யாருக்குப் பொறுமை இருந்தது? இங்கிலீஷ் எழுத்து உட்கார்ந்திருந்த நாற்காலியிலயே தமிழை உட்கார வெச்சாங்க. உள்ள இருக்கறது 'கே'தான், மேல 'ம'ன்னு வேஷம். ஃபான்ட் இருக்கற வரைக்கும் கூத்து நடக்கும். ஃபான்ட் இல்லாத மெஷினுக்குப் போனா அரிதாரம் அழிஞ்ச ராஜா மாதிரி நிக்கும். 'தமிழ்'ங்கற சொல்லே உள்ள போய்ப் பார்த்தா ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன். இதை வெச்சுக்கிட்டுத்தான் தமிழ் வாழ்கன்னு நோட்டீஸ் அடிச்சோம்.

பாமினி ஒண்ணுதான்னா பரவாயில்லையே. ஃபான்ட் போட்ட ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு நாற்காலி போட்டாங்க. இவர் ஃபான்ட்ல அடிச்சதை அவர் ஃபான்ட்ல திறந்தா கல்யாணப் பத்திரிகை கடன் பத்திரமாத் தெரியும்.

எங்க ஊர்ப் பக்கம் உளுந்தாண்டார்கோவில்ல ஒரு கதை சொல்வாங்க. ஒரு வியாபாரி மிளகு மூட்டையோட வந்தாராம். வயசானவர் வேஷத்துல வந்த சிவன் கொஞ்சம் மிளகு கேட்டாராம். "இது மிளகு இல்ல, உளுந்து"ன்னு வியாபாரி ஒரு பொய் சொன்னாராம். போய்ப் பிரிச்சுப் பார்த்தா அத்தனை மூட்டையும் உளுந்து. சாமிகிட்டயே அழுது முறையிட்டாராம். சாமிக்கு மாஷபுரீஸ்வரர்னு பேரு. மாஷம்னா உளுந்து.

அந்த வியாபாரியாவது பொய் சொன்னாரு. நான் என்ன பொய் சொன்னேன்? மூட்டை கட்டி வெச்சது மல்லாட்டை. பிரிச்சுப் பார்த்தா கே, ஒய், செமிகோலன்.

இதையெல்லாம் யாரும் கவனிக்கலையான்னு கேட்பீங்க. கவனிச்சாங்க, நல்லாவே கவனிச்சாங்க. யூனிகோடு 1991-லயே தமிழுக்கு 128 நாற்காலி ஒதுக்கிடுச்சு. 1997-ல சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி மாதிரி ஆளுங்க மாநாடு கூட்டினாங்க. 1999-ல சென்னையில மாநாடு போட்டு, 'தமிழ்99' விசைப்பலகைன்னும், டாம், டாப்னு ரெண்டு குறியீடுன்னும் அரசு அறிவிச்சது. அதே சமயம் நாலஞ்சு நாட்டுல சிதறிக் கிடந்த தமிழர்கள் மெயில்லயே பேசிப் பேசி டிஸ்கின்னு இன்னொண்ணைச் செஞ்சாங்க. ஒரு வீட்டுக்கு எத்தனை வாசப்படி பாருங்க! கடைசியா 2010 ஜூன்ல, கோவையில செம்மொழி மாநாடு நடந்த அதே சமயம், இனிமே யூனிகோடும் டேஸ்16-ம்தான் தரம்னு அரசாணையும் வந்தாச்சு.

அப்பாடா, முடிஞ்சதுன்னு நினைச்சேன். அரசாணை வந்து பதினஞ்சு வருஷம் தாண்டியாச்சு. இப்போ நடந்ததைக் கேளுங்க.

தெரிஞ்ச ஒருத்தர் ஆண்டு மலர் ஒண்ணு போடறார். "நம்ம ஊர்ச் சொற்கள் பத்தி ஒரு கட்டுரை கொடுங்க சார்"னு கேட்டார். சந்தோஷமா யூனிகோடுல அடிச்சு அனுப்பினேன். அரை மணி நேரத்துல அச்சகத்துல இருந்து போன்.

"சார், யூனிகோடு வேணாம் சார்."

"ஏங்க?"

"எங்க பேஜ்மேக்கர் எடுக்காது சார். பழைய ஃபான்ட்ல மாத்தி அனுப்பிடுங்க."

பேஜ்மேக்கர்! அதோட கடைசிப் பதிப்பு 2001-ல வந்தது. அன்னைக்குப் பொறந்த குழந்தை இன்னைக்குக் கல்யாணத்துக்கு நிக்குது. அந்தக் கல்யாணத்துக்கும் இதே பேஜ்மேக்கர்லதான் பத்திரிகை அடிப்பாங்க. போன்ல பேசின தம்பி மேல எனக்குக் கோபமே இல்லைங்க. அவருக்குக் கத்துக்கொடுத்தவர் கத்துக்கொடுத்தது அது. பழகின மெஷின், பழகின விரல், மாசக் கடைசியில சம்பளம். மாத்திக்கோன்னு சொல்றதுக்கு நாம யாரு?

மாத்தி அனுப்பினேன். அவர் லே-அவுட் பண்ணி பி.டி.எஃப். அனுப்பினார். கண்ணுக்கு அழகா இருக்கு. அதுல இருந்து ஒரு வரியைக் காப்பி பண்ணி ஒட்டினா மறுபடியும் கே, ஒய், செமிகோலன். யூனிகோடுல பொறந்து, வேஷம் கட்டி, வேஷத்தோடயே பாடையில போன கட்டுரை அது.

அதோட விட்டாரா? "ரெண்டு பக்கம் மறுபடி கையால அடிச்சேன் சார்"னு பெருமையா வேற சொன்னார். அச்சாகி வந்ததுல மல்லாட்டை 'மல்லரட்டை' ஆயிருந்தது. துணைக்காலுக்குப் பதிலா 'ர' போட்டிருக்கார். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதானே, என்ன குறைஞ்சு போச்சுன்னு கேட்கறீங்களா? கண்ணுக்கு ஒண்ணும் குறையல. கம்ப்யூட்டருக்கு அது வேற சொல். இனிமே ஆயுசுக்கும் தேடினா கிடைக்காது.

இந்தக் கூத்து எங்க ஊர்ல மட்டும்னு நினைச்சா, ஔவையாரைத் தேடிப் பாருங்க. பாதி இடத்துல 'ஔ'வுக்குப் பதிலா ஒரு 'ஒ', பக்கத்துல ஒரு 'ள'. ஒ-ள-வையார்! பாட்டிக்கு அந்த வயசுல இப்படி ஒரு சோதனை.

இன்னொண்ணு. 'கொல்லி'யில இருக்கற 'கொ'வை ரெண்டு விதமா அடிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாவும் போடலாம், கொம்பு தனியா கால் தனியாவும் போடலாம். ரெண்டும் ஒண்ணுதான்னு யூனிகோடு விதியே சொல்லுது. தேடற மென்பொருள் அந்த விதியைப் படிச்சிருக்கணுமே! படிக்கலைன்னா உங்க கொல்லிக்கும் என் கொல்லிக்கும் நடுவுல வரப்பு விழுந்துடும்.

எங்க ஊர்ப் பேரே சிக்கல்தாங்க. உளுந்தூர்பேட்டையா, நடுவுல 'ப்' போட்டு உளுந்தூர்ப்பேட்டையா? ஒருத்தர் போடறார், ஒருத்தர் போடல. தென்னாற்காடு ஜில்லாவுல இருந்த எங்க ஊர் 1993-ல விழுப்புரம் மாவட்டம் ஆச்சு, 2019-ல கள்ளக்குறிச்சி ஆச்சு. ஆயா சாகற வரைக்கும் தென்னாற்காடுன்னுதான் சொன்னாங்க. தபால்காரர் மூணுலயும் வீட்டைக் கண்டுபிடிச்சு வந்துட்டார். இத்தனை கோடி கணக்குப் போடற மெஷினுக்கு ஒரு 'ப்' கூடினா ஊரே தெரியாமப் போகுது.

சரி, ஊரைத் திட்டினது போதும். என் லட்சணத்தையும் சொல்லிடறேன்.

இந்தச் சொற்களை வெச்சு சொந்தமா ஒரு தளம் நடத்தறேன். நடத்தறேன்னு சொல்றது பெரிய வார்த்தை, ரிப்பேர் பார்க்கறேன். ஒரு ராத்திரி உட்கார்ந்தா எழுதறது நாலு வரி. மிச்ச நேரம் எழுத்துருவைப் பெருசாக்கறது, வரி இடைவெளியைக் கூட்டறது, 'ழ்' மேல இருக்கற புள்ளி வெட்டுப்படுதான்னு போன்ல ஒரு தடவை, லேப்டாப்ல ஒரு தடவை பார்க்கறது. பின்னணியை வெள்ளையாக்கி, கறுப்பாக்கி, மறுபடி வெள்ளையாக்கினதும் உண்டு. வீட்டம்மா சொல்றாங்க, "வருஷம் பூரா வெள்ளையடிக்கற வீட்டுல யாருங்க குடியிருப்பாங்க?" பதில் இல்ல.

பக்கத்தோட முகவரியைத் தமிழ்லயே வெச்சேன், ஒரு வீராப்புல. லிங்கைக் காப்பி பண்ணி அனுப்பினா 'தமிழ்'ங்கற ஒரு சொல்லே சரக்கு ரயில் மாதிரி நீளுது. கணக்கு இதுதான். அஞ்சு குறி, குறிக்கு மூணு பைட், ஆக 15. ஒவ்வொரு பைட்டும் ஒரு பர்சன்ட் குறியும் ரெண்டு எழுத்துமா விரியும். மொத்தம் 45. அனுப்பினதைப் பார்த்துட்டு மச்சான் போன் பண்றார்: "மாப்ளே, போனுக்கு வைரஸ் வந்துடுச்சா?"

ஒன்பதாவது படிக்கற மக கேட்டா, "எதுக்குப்பா இவ்ளோ கஷ்டம்? இங்கிலீஷ் எழுத்துலயே தமிழை அடிச்சுடலாமே." சுருக்குன்னு குத்திச்சு. அன்னைக்கு இங்கிலீஷ் எழுத்து தமிழ் வேஷம் கட்டி ஆடிச்சு, இன்னைக்குத் தமிழ் இங்கிலீஷ் வேஷம் கட்டி ஆடுது. முப்பது வருஷம் சுத்தி வந்து அதே திண்ணையில உட்கார்ந்திருக்கோம். அவளைத் திட்டி என்ன புண்ணியம்? எங்க தலைமுறை அவ கையில கொடுத்த தமிழ் அப்படி.

இதுல என்னைக் கொல்றது எது தெரியுமா? வேலையைச் செஞ்சவங்க செஞ்சுட்டுத்தான் போனாங்க. சிங்கப்பூர்ல கோவிந்தசாமி, மலேசியாவுல முரசு அஞ்சல் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்துல உட்கார்ந்துக்கிட்டு பழைய தமிழ் நூல்களை வலையில ஏத்தற மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச கல்யாணசுந்தரம். ஊரைப் பாருங்க, ஒண்ணாவது நம்ம பஸ் போற ஊரா? கடல் தாண்டி இருந்தவங்க நமக்குக் குழாய் பதிச்சுக் கொடுத்தாங்க. நாம குழாய்க்கு மாலை போட்டோம், மாநாட்டுல பாராட்டினோம். ஒழுகற இடத்துல ஒரு வாஷர் மாத்தினோமா? தமிழுக்கு வளைவு வைக்கச் சொன்னா பைபாஸ் வரைக்கும் வைப்போம். 'ர'வுக்கும் காலுக்கும் வித்தியாசம் பாருங்கன்னா, "விடுங்க சார், படிக்கறவன் புரிஞ்சுக்குவான்." இந்த 'விடுங்க சார்'தான் எங்க ஊர்ல உண்மையான அரசாணை.

விட்டதோட பலனை நானும் அனுபவிச்சேன். யாரோ அச்சகத் தம்பி இல்லைங்க, நானே. போன வருஷம் தளத்தை ஒரு சர்வர்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தினேன். டேட்டாபேஸ் எந்தக் குறியீட்டுல இருக்குன்னு ஒரு வரி பார்த்திருக்கணும். 'விடு, சரியா வந்துடும்'னு நினைச்சேன். காலையில எழுந்து பார்த்தா தளம் முழுக்கக் கேள்விக்குறி. பேக்கப்பான்னு கேட்காதீங்க, அதையும் அதே கையாலதான் எடுத்திருந்தேன்.

கே, ஒய், செமிகோலனை எல்லாம் மறுபடி மல்லாட்டையாக்கலாம். உட்கார்ந்து மாத்தினா மாறும், வேஷத்துக்குக் கீழ ஆள் இருக்கான். கேள்விக்குறிக்குக் கீழ யாரும் இல்ல. 2005-ல அடிச்சது பழைய ஃபைல்ல இருந்ததால தப்பிச்சது. அப்புறமா ஆயா சொல்லச் சொல்ல நேரா தளத்துலயே ஏத்தினது போனது போனதுதான்.

அதுல ஒரு பதிவு மட்டும் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது. தேதி பத்திரமா இருக்கு, எண்ணாச்சே, அதுக்கு ஒண்ணும் ஆகாது. 2009 மார்ச். தேதிக்குப் பக்கத்துல வரிசையா ஒன்பது கேள்விக்குறி. எழுத்துக்கு ஒண்ணு, புள்ளிக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு. எண்ணிப் பார்த்தேன், மல்லாட்டைக்கும் ஒன்பதுதான். ஆனா அது மல்லாட்டை இல்ல, அதைத்தான் நாலு வருஷம் முன்னாடியே எழுதியாச்சே.

அந்த வியாபாரிக்கு அழுது முறையிட எதிர்ல ஒரு சாமி நின்னது. எனக்கு முறையிட இருந்தது ஆயா ஒருத்திதான். அவங்க போய்ச் சேர்ந்தது 2011-ல.

ராத்திரி படுத்துக்கிட்டு ஒவ்வொரு சொல்லா விரல் விட்டு எண்றேன். எட்டு வருது, பத்து வருது. ஒன்பதுல நிக்கற சொல்லு உங்க வீட்டுப் பெரியவங்க வாயில ஏதாவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்களேன்.