விற்க முடியாத நிலமும் விடுதலையும்

அரசியல் தத்துவம் என்றால் நம்மில் பலருக்கு அது பத்து மதிப்பெண் வினா. லாக்கைப் படிக்கிறோம், ரூசோவைப் படிக்கிறோம், மில்லையும் மார்க்ஸையும் படிக்கிறோம்; தேர்வு முடிந்ததும் நால்வரையும் ஒன்றாகக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிடுகிறோம். ஆனால் அந்த நால்வரின் சிந்தனைகளும் இலண்டனிலும் பாரிசிலும் மட்டும் உலவியவை அல்ல. செங்கற்பட்டுச் சீமையின் ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் அவை நடந்திருக்கின்றன. யார் எந்த நிலத்தை உழலாம், யார் எந்தக் குடிசையில் படுக்கலாம் என்று தீர்மானித்திருக்கின்றன. வகுப்பறை விவாதங்களில், "அரசு குறைந்தால் உரிமை வளரும்" என்று ஒரு நண்பர் முழங்குவார். "அரசு ஒன்றே ஏழைக்குத் துணை" என்று மற்றொருவர் மேசையைத் தட்டுவார். இருவரையும் நம் மாவட்டத்தின் வருவாய்த்துறைக் கதை ஒன்றைக் கேட்கச் செய்ய வேண்டும் என்பதே என் ஆசை.

ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி 1763-இல் ஜாகீராகப் பெற்ற பகுதி இது. இங்கே மிராசு என்ற பழைய உரிமை வேரூன்றி இருந்தது. ஊரின் விளைநிலத்தில் மட்டுமன்று, தரிசிலும் தங்களுக்கே முதல் பாத்தியதை என்றனர் மிராசுதார்கள். பின்னர் தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைந்த ரயத்துவாரி முறை வந்தது. இடையில் ஜமீன்தார் வேண்டாம், அரசும் உழவனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளட்டும் என்பது அதன் கொள்கை. கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால் உழவன் என்று அரசு ஏட்டில் பதிவானவர், பெரும்பாலும் ஏரைத் தொடாத மிராசுதார். ஏரைத் தொட்ட படியாளுக்குப் பட்டாவும் இல்லை, அவன் குடியிருந்த சேரிமனையும் அவனுடையதன்று.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின்மேல் ஒருவர் கொண்டாடும் உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. சட்டப்படி எல்லாரும் சுதந்திர மனிதர்கள் ஆயினர். அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1859-இல், இரண்டு எழுத்துகள் வெளிவந்தன. ஒன்று ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய, சுதந்திரம் பற்றிய புகழ்பெற்ற நூல். மற்றொன்று இந்தியாவில் பிறந்த பதின்மூன்றாம் சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட்டு அவனை வேலை செய்ய ஆணையிடலாம், மறுத்தால் மூன்று மாதம் வரை சிறையில் தள்ளலாம் என்றது அது. முதலில் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு என வந்து, பிறகு வெளியிலும் பரவி, 1925-இல்தான் நீக்கப்பட்டது. மில் 1823 முதல் 1858 வரை அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்பதை நம் பாடநூல் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும். ஒப்பந்தம் சுதந்திரமானது என்ற தத்துவம், பசித்தவனின் கைநாட்டையும் சுதந்திரமான சம்மதம் என்று எண்ணிக்கொண்டது.

1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதில் அவர் கண்டு சொன்னவற்றுள் ஒன்று என்னை மிகவும் சிந்திக்க வைக்கிறது. கூலியைப் பற்றிக் கேட்கப் போனவருக்குக் குடிமனையே பெரிய செய்தியாகப் பட்டது. குடியிருக்கும் மனை ஆண்டையுடையது என்றால், கூலி உயர்த்திக் கேட்ட மறுநாளே வீடு போய்விடும். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனு போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. ஆக, அரசு எந்த விலங்கையும் பூட்டவில்லை. ஆயினும் மனிதன் அசைய முடியவில்லை. தனிமனித உரிமைக்குப் பகை அரசு ஒன்றே என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வருவாய் வாரியத்தில் இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நிலக்காரருக்கும் கூலியாளுக்கும் இடையில் சர்க்கார் நுழைவானேன் என்று நினைத்த அதிகாரிகள் பலர். 'தலையிடாமை' என்பதும் ஒரு பக்கம் சாய்ந்த தலையீடுதான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

எனினும் 1892-இல் அரசு ஆணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பட்டாவில் ஒரு நிபந்தனை. பத்தாண்டுகள் வரை நிலத்தை விற்கக் கூடாது. அதன் பின்னும் அதே ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கைமாற்றலாம்.

இங்கேதான் தத்துவங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. என் நிலத்தை நான் விற்கத் தடை என்றால் அது என்ன சொத்து என்று கேட்பார் தாராளவாதி. நியாயமான கேள்விதான். ஊரில் மற்றவர் நிலத்துக்குச் சந்தையில் ஒரு விலை. பஞ்சமி நிலத்துக்கு மட்டும் வாங்குவோர் குறைவு, ஆகவே விலையும் குறைவு. அடமானம் வைக்கச் சென்றால் வங்கி முகம் சுளிக்கும். காப்பாற்றுவதற்கென்று கட்டிய வேலி, உள்ளே இருப்பவனின் காலையும் தடுக்கிறது. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த மில்லையே சாட்சிக்கு அழைப்போம். தன்னைத்தானே அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமையை உரிமை என்று ஏற்க முடியாது என வாதிட்டவர் அவர். ஒரு விற்பனையோடு பின்னர் வரும் எல்லாத் தேர்வுகளும் முடிந்துபோகும் என்றால், அந்த விற்பனையைச் சுதந்திரம் காக்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்தின் சாரம். மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ நூறு ரூபாய் வாங்கி, எழுதியதைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவன் இழப்பது நிலத்தை மட்டுமா? கூலி பேசும் தைரியத்தையும் சேர்த்தே இழக்கிறான். எனவே நிபந்தனை இருக்க வேண்டும் என்பதே என் முடிவு. அடமானத்துக்கு ஈடாகக் கூட்டுறவுக் கடனைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதும் நிபந்தனை போட்ட அரசின் கடமை. முதல் பாதியைச் செய்து இரண்டாம் பாதியை மறந்ததுதான் நடந்தது. முதல் பாதியையும் முழுதாகக் காக்கவில்லை. நிலங்கள் பல வழிகளில் கைமாறின. 1994-இல் மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் துறந்தனர். ஏட்டில் நூறாண்டுகளுக்கு மேல் பழமையான ஓர் ஆணை, அதைக் கேட்டவருக்குக் குண்டாக வந்து சேர்ந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் வரிசையாக எழுந்த பிறகு, சுற்றுவட்டார மனை விலை எங்கே போயிற்று என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. காரணைக் கேள்வி இப்போது இன்னும் கூர்மையாகி இருக்கிறது.

நிலம் வேண்டும் என்பதோடு சாலை வேண்டும் என்றும் கேட்டவர் நம் மண்ணின் மைந்தர். கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். சந்தைக்குப் போகும் வழியில் நடக்க முடியாதவனுக்கு 'திறந்த சந்தை' என்பதற்கு என்ன பொருள்?

கடற்கரைப் பக்கம் வாருங்கள். வேறொரு வகையான கதை. இருளர் மக்கள் பாம்பு பிடித்துத் தோலை வியாபாரிகளுக்கு விற்றுப் பிழைத்தவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்தன. பாம்பு பிழைத்தது; பிடித்தவன் அடுப்பு அணைந்தது. அரசு ஒரு கையெழுத்தில் ஒரு சமூகத்தின் தொழிலையே குற்றமாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்த இடத்தில் என் தாராளவாத நண்பருக்கே என் ஓட்டு. நல்ல நோக்கம் என்பது மாற்றுப் பிழைப்பு ஆகிவிடாது.

1978-இல் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, சில வாரங்கள் பானையில் வைத்து நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டிலேயே திரும்ப விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. தடை போட்ட அதே சட்டத்தின் கீழ் அனுமதி பெற்று, அதே கைத்திறன் வேறு உருவில் விலைபோகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதை எந்தத் தத்துவத்தின் கணக்கில் வரவு வைப்பது? தனியார் வியாபாரமா என்றால் இல்லை. சர்க்கார் உத்தியோகமா என்றால் அதுவும் இல்லை. மூங்கில் புதரில் தடம் பார்க்கத் தெரிந்தவர்களே உறுப்பினர்கள்.

ஆயினும் ஒரு செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை உறுப்பினர் தீர்மானிப்பதில்லை. வனத்துறை தரும் அனுமதி தீர்மானிக்கிறது. நஞ்சை வாங்குவோரும் விரல்விட்டு எண்ணத்தக்க மருந்து நிறுவனங்களே. அனுமதி தாமதமானால் பானைகள் காலியாகவே இருக்கும். அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகச் சிக்கி, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களின் கதையோ இம்மாவட்டத்தில் இன்னும் ஓயவில்லை. அவர்களுக்கு வடநெம்மேலியில் இடம் இல்லை. மீட்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது. குடிமனைப் பட்டாவுக்கு மனு போட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். டிரமென்ஹீர் எழுதியதும் குடிமனையைப் பற்றித்தான்.