லாரியில் ‘யூரியா பைபாஸ்’: லேப்டாப்காரருக்குக் கூலி, ஓனருக்கு வழக்கு!

நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கிளம்பிய லாரி. ஹூப்ளியைத் தாண்டியதும் டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது. டிரைவர் வண்டியை ஓரம்கட்டி, இரண்டு முறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்க்கிறார். விளக்கு அணையவில்லை. மேடு வந்தால் வண்டி இழுக்க மறுக்கிறது. ஆட்புளூ டேங்கில் பாதிக்கு மேல் இருக்கிறது, கோளாறு சென்சாரில். சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால், ‘பார்ட்ஸ் வர மூணு நாள் ஆகும்’ என்கிறார்கள். வெங்காயம் அதுவரை தாங்காது. நாமக்கல்லில் இருக்கும் ஓனருக்கு இ.எம்.ஐ. தேதியும் நெருங்குகிறது.

பி.எஸ்-6 லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். சரியாக அந்த நேரத்தில் யாராவது ஒரு நம்பர் கொடுப்பார்கள். லேப்டாப்போடு ஒருவர் வருவார். வயரிங்கில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியை மாட்டுவார், அல்லது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமையே மாற்றிவிடுவார். விளக்கு அணைந்துவிடும், வண்டியும் பறக்கும். ‘இனிமே யூரியாவே ஊத்த வேண்டாம்ணே’ என்று சொல்லிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஆட்புளூ என்பது 32.5 சதவிகிதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். டீசலோடு அது கலப்பதில்லை. சூடாக வெளியேறும் புகையில் தெளிக்கப்பட்டு, நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுவாயுவை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றுகிறது. அதற்கு முன்னால் இருக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி கரித்தூளைப் பிடித்துவைக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 கட்டாயமானபோது, கனரக வண்டிகளுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு ஒரு யூனிட் ஆற்றலுக்கு 3.5 கிராமிலிருந்து 0.4 கிராமாகக் குறைந்தது. இதற்காகத்தான் லாரியின் விலையில் அத்தனை ரூபாய் ஏறியது. பைபாஸ் செய்பவர், தான் காசு கொடுத்து வாங்கியதையே காசு கொடுத்துக் கழற்றுகிறார்.

டி.பி.எஃப். விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. டப்பாவை அறுத்து, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பாகத்தை எடுத்துவிட்டு, வெளியே தெரியாமல் வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். அந்தத் தொகுப்பில் பிளாட்டினம் வகை உலோகப் பூச்சு உண்டு. பழைய பாகத்துக்கும் சந்தையில் விலை இருக்கிறது என்பது பல ஓனர்களுக்குத் தெரியாது. ‘குப்பைதானே அண்ணே’ என்று எடுத்துப்போகிறவருக்குத் தெரியும்.

ஓனர்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. 100 லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 லிட்டர் ஆட்புளூ போதும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க மட்டும் யாரும் இந்த வேலைக்குப் போவதில்லை. பயம், நடுவழியில் நிற்பதுதான். சிஸ்டம் கோளாறு என்று கம்ப்யூட்டர் முடிவு செய்தால் முதலில் இழுவையைக் குறைக்கும். அப்படியும் சரிசெய்யாவிட்டால், வேகத்தை மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்குக் கட்டிப்போடும். லோடோடு நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் ஊர்ந்து பார்த்தவருக்குத்தான் அந்தக் கோபம் புரியும். அமெரிக்க லாரிக்காரர்களுக்கும் இதே கோபம். அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2025 ஆகஸ்டில், வண்டி திடீரென முடங்காதபடி மென்பொருளை மாற்றும்படி தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. நம் ஊர் லாரி உரிமையாளர் சங்கங்களும் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

ஆனால், கோபம் நியாயமானது என்பதால் சட்டம் விட்டுவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ(4) பிரிவின்படி, மீறும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதைவிடக் கவனிக்க வேண்டியது 190(2). காற்று மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டுபவர், ஓட்டச் சொல்பவர் இருவருமே இதில் சிக்குவார்கள். முதல் முறை என்றால் 3 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே 3 மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு. அதாவது, பைபாஸ் போடும்போது கேட்கப்படாத டிரைவர், மாட்டும்போது வேலையை இழக்கிறார்.

லேப்டாப்காரர்? ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. அமெரிக்காவில் அதிகாரிகள் அவரையும் தேடிப்போனார்கள். சுமார் பத்தாண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப் வண்டிகளில் இந்தக் கருவிகள் கழற்றப்பட்டதாக 2020-ல் அந்த முகமை கணக்குச் சொன்னது. அதன் பிறகு பட்டறைகள் மீதும் கருவி விற்றவர்கள் மீதும் வழக்குகள் பாய்ந்தன. கொலராடோவில் பட்டறை நடத்திய ஒரு மெக்கானிக் சிறைக்கே போனார். 2025 நவம்பரில் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். நம் ஊரில் ஓனருக்கு அப்படி ஒரு மன்னிப்பு வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

‘புகைச் சான்றிதழ்தான் கிடைத்துவிடுகிறதே’ என்பது அடுத்த வாதம். டீசல் வண்டிக்கான அந்தச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. ஆட்புளூவை நிறுத்திய லாரி அதில் தப்பிக்கலாம் என்பது உண்மை, சோதனை முறையின் பெரிய ஓட்டையும் அதுதான். ஆனால், சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டால் குட்டு வெளிப்பட வாய்ப்பு அதிகம். வாரன்ட்டி அத்தோடு போச்சு. பிறகு இன்ஜினில் எது போனாலும் செலவு ஓனர் தலையில்.

இன்னொரு குறுக்குவழி, உர மூட்டையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது. விவசாய யூரியா வேப்பெண்ணெய் பூசி வருவது; அரசு மானியத்தில் விற்கப்படுவது. அதைத் திருப்பிவிடுவதே தனிக் குற்றம். அசுத்தம் போய் இன்ஜெக்டரை அடைத்தால், முதலில் சொன்ன அதே விளக்கு மறுபடி எரியும்.

டீசல் புகையைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதிசெய்துவிட்டது. அதை முதலில் சுவாசிப்பவர்கள் ஓனரின் ஆட்கள்தான்: டிரைவர், கிளீனர், இரவு முழுக்க இன்ஜின் ஓடும் பார்க்கிங்கில் படுத்திருப்பவர்கள்.

டி.பி.எஃப். அடைப்பு என்றால் சர்வீஸ் சென்டரில் ‘ரீஜெனரேஷன்’ செய்து கரியை எரிக்கச் சொல்லலாம். அடிக்கடி அடைத்தால் இன்ஜெக்டரையும், பி.எஸ்-6-க்கு உரிய இன்ஜின் ஆயில்தானா என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்புளூவை சீல் உடையாத கேனில் வாங்கி, பில்லை வண்டியிலேயே வைத்திருங்கள்.

பழைய பி.எஸ்-6 லாரி வாங்குபவர்கள் அந்த பில்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். நீல மூடி டேங்கைத் திறந்து பாருங்கள். காய்ந்து கிடந்தால் கதை புரிந்துவிடும். சைலன்ஸர் டப்பாவில் புதுசாக வெல்டிங் தழும்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் விளக்கு ஒரு முறை எரிந்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், யாரோ கைவைத்திருக்கக்கூடும். ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.