ஏடும் ஏழையும்!

16,000 பேர்!

போர்க்களத்திலே நின்ற படையின் கணக்கல்ல இது. தேர்த் திருவிழாவுக்குத் திரண்ட கூட்டத்தின் கணக்குமல்ல. ஏறத்தாழ 21,000 மக்களே வாழும் ஒரு சிறு நகரத்தின் நீதிமன்றம், "பிடித்து வா" என்று பெயரெழுதி வைத்திருந்த ஆட்களின் கணக்கு! அமெரிக்க நாட்டில், மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயி கவுண்டியில் உள்ள பெர்குசன் என்பது அந்த ஊர். 2014 டிசம்பர் நிலவரம் இது. சொன்னவர் எதிர்க்கட்சி மேடைப் பேச்சாளரல்லர். அந்நாட்டு மத்திய அரசின் நீதித்துறையே ஆராய்ந்து, 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை சொல்லிற்று. 16,000 பேரும் அவ்வூர்க் குடிகளல்லர். அவ்வழியே கார் ஓட்டிச் சென்று அகப்பட்டவர்களும் உண்டு. ஆனாலும் எத்தனை பெரிய பட்டியல்!

கொள்ளையடித்தவர்களா? கொலை செய்தவர்களா? அல்ல, அல்ல. நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தியவர்கள், போக்குவரத்து விதி மீறியவர்கள், வீட்டைச் சட்டப்படி பராமரிக்காதவர்கள் என்று சில்லறைக் குற்றத்துக்கு அபராதச் சீட்டு வாங்கியவர்களும் அந்த ஏட்டிலே ஏறிக் கிடந்தார்கள். சீட்டு வாங்கினார்கள், பணமில்லை, வாய்தாவுக்குப் போகவில்லை, வாரண்டு பிறந்தது. இவ்வளவுதான் கதை.

எங்கோ கடலுக்கு அப்பால் நடப்பது நமக்கென்ன என்று கேட்கிறாயா, தம்பி? ஒரு நாள் கூலி தவறினால் உலை கொதிக்காது என்ற விதி டல்லாசிலும் உண்டு, டெட்ராய்ட்டிலும் உண்டு. நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஆயிரமாயிரமாகக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஊரோடு பேசும்போது பனி பெய்ததைச் சொல்வார்கள், விலைவாசி ஏறியதைச் சொல்வார்கள். மேசை அறையிலே கட்டாமல் கிடக்கும் அபராதச் சீட்டைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே நாம் சொல்லி வைப்போம்.

கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றதொரு பிரிவு. மூவாயிரத்துக்கும் அதிகமான கவுண்டிகள் அங்கே உண்டு. குற்றம் நடந்ததென்று போலீசார் பிரமாணம் செய்து, நீதிபதியிடம் கேட்டு வாங்குவது ஒரு வகை வாரண்டு. யாரும் கேளாமலே, நீதிபதி தம் ஆசனத்திலிருந்து தாமே பிறப்பிப்பது இன்னொரு வகை. அந்த ஆசனத்துக்கு அங்கே பெஞ்சு என்று பெயர். ஆதலால் இதுவும் பெஞ்சு வாரண்டு ஆயிற்று. வாய்தாவுக்கு ஆஜராகாதவர் மீதும், நீதிமன்ற உத்தரவை மீறியவர் மீதும், அபராதம் கட்டாதவர் மீதும் பாயும் வாரண்டு இது. பொதுவாக இதற்குக் காலக்கெடு கிடையாது. ஆண்டு பத்தானாலும் அந்தக் காகிதம் சாவதில்லை.

பெர்குசன் அறிக்கையிலே ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007-இல் ஒரே ஒரு முறை காரைத் தவறான இடத்தில் நிறுத்தினார். இரண்டு சீட்டு, 151 டாலர் அபராதம், அதற்கு மேல் கட்டணங்கள். வறியவர், இடையிலே வீடுமின்றித் திண்டாடியவர். வாய்தா தவறியதற்கும் தவணை தவறியதற்கும் ஏழு முறை புதுக் குற்றம் சாட்டினார்கள். வாரண்டு மேல் வாரண்டு! ஆறு நாள் சிறை. 25 டாலரும் 50 டாலருமாகச் சிறுகக் கட்ட முயன்றபோது, முழுத் தொகையாகக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். 550 டாலர் கட்டித் தீர்த்த பிறகும், 2014 டிசம்பரில், அவர் கடன் எவ்வளவு தெரியுமா? 541 டாலர்! கந்துவட்டிக்காரன் தோற்றான், தம்பி. அவனிடமாவது கைவிலங்கு கிடையாது!

அவ்வூர் மக்களில் கறுப்பு இனத்தவர் நூற்றுக்கு 67 பேர். வாரண்டு ஒன்றையே காரணமாகக் காட்டிக் கைது செய்யப்பட்டோரில் அவர்கள் நூற்றுக்கு 96 பேர். நகராட்சியோ அபராத வசூலை வருமான இனமாக வரவு செலவுத் திட்டத்திலே எழுதி வைத்துக் காத்திருந்தது; 2010-இல் ஏறத்தாழ 13 லட்சத்து 80 ஆயிரம் டாலராக இருந்த அந்த வரவை 2015-இல் 30 லட்சத்துக்கு மேல் எதிர்பார்த்தது. நீதி பேச வேண்டிய இடத்திலே கல்லாப்பெட்டி பேசிற்று!

தம் பெயர் ஏட்டிலே இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. அறிவிப்பு பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரர் நிறுத்துவார், கணினியிலே பெயரைத் தட்டுவார், அடுத்த நிமிடம் கையிலே விலங்கு. வெள்ளிக்கிழமை மாலையானால், பல ஊர்களில் திங்கட்கிழமை வரை நீதிபதி முகம் பார்க்க முடியாது. திங்களன்று வேலைக்குப் போக வேண்டியவன் வேலையை இழப்பான். ஏடு அவனைத் தேடி வருமுன், அவன் ஏட்டைத் தேடிப் போவது நல்லது. நீதிமன்ற ஏடு பொதுவாக அங்கே மக்கள் சொத்து; பார்க்க உரிமையுண்டு.

எப்படிப் பார்ப்பது? சீட்டைக் கையில் எடு. எந்த நீதிமன்றம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அதுதான் திறவுகோல், ஏனெனில் அமெரிக்காவிலே ஒரே ஊரில் பல கதவுகள். டெக்சாசை எடுத்துக்கொள்வோம். பெருங்குற்ற வழக்குகளின் ஏடு டிஸ்டிரிக்ட் கிளார்க்கிடம். அதற்கடுத்த நிலைக் குற்றங்களின் ஏடு கவுண்டி கிளார்க்கிடம். அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க சில்லறை வழக்குகள் நகர நீதிமன்றத்திலோ, 'ஜஸ்டிஸ் ஆப் தி பீஸ்' என்ற சிறு நீதிபதியிடமோ. கவுண்டி ஏட்டைப் புரட்டி, பெயர் இல்லையென்று மகிழ்ந்து வீடு திரும்புவான். நகர நீதிமன்றத்து ஏட்டிலோ அவன் பெயர் சிவப்பு மையிலே சிரித்துக்கொண்டிருக்கும்! செயின்ட் லூயி கவுண்டி ஒன்றிலேயே 2014 வாக்கில் ஏறத்தாழ 80 நகர நீதிமன்றங்கள் இருந்தன என்றால் பார்த்துக்கொள்ளேன். மத்திய அரசு தொடுத்த வழக்கானால் அதற்கு 'பேசர்' என்ற தனி ஏடு.

இன்று பல மாநிலங்கள் வழக்கேட்டைக் கணினியிலே திறந்து வைத்திருக்கின்றன. மிசௌரிக்கு 'கேஸ்நெட்', மேரிலாந்துக்கு 'கேஸ் சர்ச்', கட்டணமின்றிப் பார்க்கலாம். பெயரைக் கொடு, பிறந்த தேதியை ஒப்பிட்டுப் பார், வழக்கு எண்ணைக் குறித்துக்கொள். நம்மவருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, தலையெழுத்துதான். கடவுச்சீட்டிலே தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகி உட்கார்ந்துவிடும். மகன் வாங்கிய சீட்டை அப்பன் பெயரிலே தேட வேண்டியிருக்கும்! ஆகவே பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேடு. எழுத்துக்கூட்டலையும் மாற்றிப் பார்.

வழக்கு கிடைத்தால் அதன் நடவடிக்கைக் குறிப்பைத் தேதிவாரியாகப் படி. 'பெஞ்ச் வாரண்ட் இஷ்யூட்' என்றிருந்தால் வாரண்டு பிறந்துவிட்டது. 'எஃப்.டி.ஏ.' என்ற மூன்றெழுத்து, ஆஜராகத் தவறியதைக் குறிக்கும். டெக்சாசில் 'கேபியஸ்' என்ற சொல்லும் பிடிவாரண்டேதான். பின்தேதியிலே 'ரீகால்டு' என்றோ 'குவாஷ்டு' என்றோ கண்டால் அது திரும்பப் பெறப்பட்டது, ரத்தாயிற்று என்று பொருள். எதுவுமே காணாவிட்டால் வாரண்டு இல்லையென்று துள்ளிக் குதிக்காதே. சில இடங்களில் நிலுவை வாரண்டைப் பொதுமக்கள் கண்ணுக்குக் காட்ட மாட்டார்கள். நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்துக்கு வழக்கு எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் கேட்கலாம். ஷெரீப் அலுவலகத்தின் பட்டியலையும் பார்க்கலாம், ஆனால் அந்த ஷெரீப்பிடமே நேரில் போய், "ஐயா, என் மேல் வாரண்டு உண்டா?" என்று கேட்டவன், பதிலோடு விலங்கையும் சேர்த்துப் பெறக்கூடும். வக்கீல் மூலம் விசாரிப்பதே மேல். வாரண்டை ரத்து செய்ய மனுப்போட்டு, புது வாய்தா வாங்கவும் அவரால் முடியும்.

இன்னொரு எச்சரிக்கை. "உன் மேல் வாரண்டு இருக்கிறது, கடையிலே பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணைச் சொல்" என்று தொலைபேசியிலே மிரட்டும் கூட்டம் ஒன்று உண்டு. எந்த நீதிமன்றமும் பரிசு அட்டையிலே அபராதம் வாங்குவதில்லை. வைத்துவிடு தொலைபேசியை!

ஏடு எப்போதும் மெய் பேசுமா? அலபாமா மாநிலத்திலே 2004-இல் நடந்ததைக் கேள். ஒருவர் மேல் பக்கத்துக் கவுண்டியில் வாரண்டு உண்டென்று கணினி சொல்லிற்று. பிடித்தார்கள், சோதித்தார்கள், போதைப் பொருளும் துப்பாக்கியும் எடுத்தார்கள். கால் மணி நேரத்துக்குள் சேதி வருகிறது: அந்த வாரண்டு ஐந்து மாதத்துக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டுவிட்டதாம், ஏட்டிலே அடிக்க மறந்துவிட்டார்களாம்! 2009-இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அந்தத் தவறு தனியொரு கவனக்குறைவே, எடுத்த சான்று செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஹெர்ரிங் வழக்கு என்பார்கள். அந்த மனிதர் குற்றமற்றவர் என்று நாம் வாதாடவில்லை. குமாஸ்தா மறந்ததற்குக் குடிமகன் விலங்கு பூணுவதா என்பதுதான் நம் கேள்வி. 2016-இல் யூட்டா மாநிலத்து ஸ்ட்ரீஃப் வழக்கில் இன்னும் ஒரு படி போனார்கள்: காரணமின்றித் தடுத்து நிறுத்தியது தவறே ஆனாலும், பழைய போக்குவரத்து வாரண்டு ஒன்று ஏட்டிலே இருந்ததால் சோதனையில் கிடைத்தது சான்றாகும் என்றார்கள். அதிலே மாறுபட்டு எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமயர், நாடெங்கும் நிலுவையில் 78 லட்சத்துக்கு மேற்பட்ட வாரண்டுகள் இருப்பதையும், அவற்றில் மிகப் பல சிறு குற்றத்துக்கானவை என்பதையும் எடுத்துக்காட்டினார். ஆகவே வாரண்டு ரத்தானால் வாய்ச்சொல்லை நம்பாதே. முத்திரையிட்ட நகல் வாங்கு, வண்டியிலேயே வை.

"குற்றம் செய்தான், கட்டட்டுமே!" என்பார் சிலர். கட்டக்கூடியவன் கட்டட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? பணமிருந்தவன் 151 டாலரை அன்றே வீசிவிட்டுக் காரில் ஏறிப் போயிருப்பான். இல்லாதவன் ஏழாண்டு அலைந்தான். ஒரே குற்றம், இரு தண்டனை! கட்ட முடியாத காரணத்தை விசாரிக்காமல் சிறைக்கு அனுப்புவது கூடாது என்று 1983-லேயே பியர்டன் வழக்கில் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தீர்ப்பு நூலகத்திலே தூங்கிற்று. வாரண்டுதான் தெருவிலே விழித்திருந்தது.

நாம் கேட்பது பெரிதல்ல. வாரண்டு எழுதத் தெரிந்த நீதிமன்றத்துக்கு, எழுதியதை உரியவனிடம் அச்சமின்றி அறியச் செய்யவும் கடமையுண்டு. தேடி வந்தவனைப் பிடித்து அடைத்தால், அடுத்தவன் ஏன் தேடி வருவான்? டெக்சாசில் 2017-இல் இதற்கொரு சட்டம் செய்தார்கள்: சில்லறை வழக்கிலே ஆஜராகத் தவறியவன், பிடிபடுமுன் தானே முன்வந்து வழக்கை முடிக்க உண்மையாக முயன்றால், அந்த வாரண்டை நீதிபதி திரும்பப் பெற வேண்டும். பெர்குசனிலும், ஊர் கொதித்தெழுந்த பிறகு, 2015 ஆகஸ்டில் புதிதாக வந்த நகர நீதிபதி டொனால்ட் மெக்கலின், 2014 முடிவதற்குள் பிறப்பித்த வாரண்டுகளையெல்லாம் ஒரே உத்தரவில் திரும்பப் பெற்றார்.

நியூயார்க் நகரத்திலே 2017 ஆகஸ்டில், பத்தாண்டுக்கு மேற்பட்ட சிறு குற்ற வாரண்டுகள் 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமாக ஒரே மூச்சில் ரத்தாயின. நகரத்தின் ஐந்து பிரிவுகளில் நான்கின் அரசு வழக்கறிஞர்கள் தாமே மன்றமேறி அதைக் கேட்டுப் பெற்றார்கள். ஸ்டேட்டன் தீவுக்காரர் மட்டும் சேர மறுத்துவிட்டார். மன்ஹாட்டனிலே சீட்டு வாங்கியவனுக்கு அன்று விடுதலை; அதே குற்றத்துக்கு அந்தத் தீவிலே சீட்டு வாங்கியவன், படகிலிருந்து இறங்கியதும் ஏட்டைப் புரட்ட வேண்டியவனாகவே நின்றான்.