எழும்பூர் வரை ஏன் ஓட வேண்டும்?

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் உங்களால் முடிகிற ஒரு காரியத்தைக் கேட்டு எழுதுகிறேன். தொட்டதற்கெல்லாம் எலும்பு முறியும் பிறவிக் குறைபாட்டோடு வளரும் பிள்ளைகளுக்கு, அதற்கான ட்ரிப்ஸை இராமநாதபுரத்திலேயே ஏற்ற வழி செய்யுங்கள்.

மருத்துவர்கள் இதை ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்கிறார்கள். எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் மரபணுக் கோளாறால் சரியாக உருவாகாததே காரணம். சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வரும். பல பிள்ளைகளுக்கு வெள்ளை விழி நீலம் பாரித்திருக்கும். பெற்றவள் மீது எந்தக் குற்றமும் இல்லை. ஆனாலும் கை முறிந்த குழந்தையோடு போகிறவளிடம் முதலில் கேட்பது, "எப்படிம்மா கீழே போட்டே?" என்பதுதான்.

புதுமடம் போன்ற ஊர்களில் கைக்குழந்தையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கைகால்களை நீவி இழுத்துக் குளிப்பாட்டுவது வழக்கம். இந்தக் குழந்தைக்கு அந்த இழுப்பே முறிவாகிவிடும். துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. விரித்த உள்ளங்கையை இடுப்புக்கு அடியில் நுழைத்து உயர்த்த வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் ஆகாது. ஒரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில், மறு கை பிட்டத்துக்கு அடியில். இதைக் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து செய்து காட்டினால் எத்தனையோ மாவுக்கட்டுகள் மிச்சமாகும்.

நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பாமிட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்பின் அடர்த்தியைக் கூட்டுகின்றன. சோலெட்ரோனிக் அமிலத்தைப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். எலும்புத் தேய்மானம் கண்ட முதியவர்களுக்கும் எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்துதான் அது. முதல் தடவை காய்ச்சல் வரலாம், ரத்தத்தில் கால்சியம் இறங்கலாம். அதனால் குழந்தை மருத்துவர் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்கள் படிப்பைத் தொடங்கியதே அங்குதான். அங்கு முடியாத வேலையா இது?

மத்திய அரசின் 2021 அரிய நோய்கள் கொள்கை இந்தச் சிகிச்சையைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்கான சிறப்பு மையமோ சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. நோயை உறுதி செய்யவும், எலும்புக்குள் கம்பி வைக்கவும் அங்கே போகத்தான் வேண்டும். ஒவ்வொரு ட்ரிப்ஸுக்கும் காலில் கட்டோடு பிள்ளையை இரவு ரயிலில் ஏற்ற வேண்டுமா? ரயில் குலுங்கும் ஒவ்வொரு முறையும் தாய்க்கு உயிர் போய் உயிர் வரும். கடலுக்குப் போகிற தகப்பனுக்கு அந்த நாட்களின் வருமானமும் போகும்.

இதே குறைபாட்டோடு வளர்ந்த உம்முல் கேர், 2016-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வில் 420-ஆவது இடம் பிடித்தார். ஆட்சியர்களைத் தேர்ந்தெடுக்கும் அதே தேர்வு. எலும்புதான் பலவீனம், படிப்புக்கு அது தடையில்லை.

நலவாழ்வுச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு நாள் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். எழும்பூர் மருத்துவர்கள் எழுதித் தரும் அளவை இங்கேயே ஏற்ற உத்தரவிடுங்கள். உச்சிப்புளி, மண்டபம் பகுதிச் செவிலியர்களுக்கு, பிள்ளையைத் தூக்கும் முறையில் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். மூன்றுக்கும் புதிதாக ஒரு கட்டடம்கூடத் தேவையில்லை.

இப்படிக்கு,
புதுமடம் ஊர்க்காரன் ஒருவன்