பனையடிப் பட்டறை

கோடை வந்தால் பனையடிதான் வண்டிப் பட்டறை. பாலக்காட்டுக் கணவாயில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் சித்தூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். சுளையைத் தோண்டித் தின்றபின் மிஞ்சும் நுங்குக் கூடுகள் இரண்டு. அவற்றைக் கோக்க ஒரு குச்சி. அந்த அச்சில் கொடுத்துத் தள்ள நீண்ட கவட்டைக் கம்பு. காசும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். மேட்டிலிருந்து சரிவுவரை பந்தயம். சக்கரம் கழன்றால் தோல்வி.

ஏறிப் போக முடியாத வண்டியில் என்ன சுகம்? குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் தும்பிசேர் கீரனார் இதற்கு விடை வைத்திருக்கிறார்: தச்சன் செய்த சிறுவண்டியில் பிள்ளைகள் ஏறிச் செல்வதில்லை, கையால் இழுத்தே மகிழ்கிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமும் சிறுதேர்தான். அந்தச் சங்ககாலப் பிள்ளைக்குத் தச்சன் தேவைப்பட்டான். சித்தூர்ப் பையனோ தானே தச்சன்.

ஆனால் அவனுக்கு மரம் வேண்டும். கள்ளுக்குச் சீவிய பாளை காய்க்காது. வெட்டிய பனை துளிர்க்காது. நுங்கு வண்டி நாலு நாளில் காய்ந்து சுருங்கினால் கவலையில்லை, வேறு செய்துகொள்ளலாம். பனை அப்படியல்ல. விதைத்தது நுங்கு தரப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று ஒரு மரம் சாய்ந்தால், அடுத்தது காய்ப்பதற்குள் ஒரு பிள்ளைப் பருவமே முடிந்துவிடும்.