மிதப்புப் பல்லும் தபாலில் வரும் உறையும்



குருவிட்டத் தோட்டங்களில் வீடுகளுக்குப் போகும்போது தாய்மார் இப்படிக் கேட்கிறார்கள்: "மிஸ், பிள்ளைக்கு மிதப்புப் பல். வீட்டிலேயே அச்சு எடுத்து அனுப்பினா தபாலில பல் உறை வருமாம். ஆஸ்பத்திரிக்கு அலையத் தேவையில்லையாம். வாங்கலாமா?"

கேள்வி நியாயமானது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் இல்லை. பல்லைச் சொல்லிக் கேலி செய்வதும், கலியாணப் பேச்சில் குறை பிடிப்பதும் பெண்பிள்ளைகளையே அதிகம் வாட்டுகின்றன.

ஆனால் பல் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மெதுவாக அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிதாக வளர்கிறது. ஈறில் நோய் இருந்தாலோ, அழுத்தம் கூடினாலோ பல் ஆடத் தொடங்கலாம், வேர் தேயலாம். இதை எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் எடுக்கும் அச்சு பல்லின் வெளித்தோற்றத்தை மட்டுமே காட்டும். யுத்தத்தில் தாடை உடைந்து பொருந்தியவர்களும், ஷெல் துண்டு உள்ளே இருப்பவர்களும் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும்.

உறை கெட்ட பொருள் அல்ல. பல்சீரமைப்பு நிபுணர்களும் அதைக் கொடுக்கிறார்கள். இடையிடையே பார்த்துத் திருத்த ஒருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி. அமெரிக்காவில் 2014இல் தொடங்கிய 'ஸ்மைல் டைரக்ட் கிளப்' தபாலில் உறை அனுப்பிய பெரிய கம்பனி. 2023 டிசம்பரில் அது மூடப்பட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். தவணைக்கு வாங்கியவர்களோ தொடர்ந்து பணம் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது.

நமது நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். முதலில் பாடசாலைப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். 7 வயதளவில் காட்டுவது நல்லது. தேவையானால் நிபுணரிடம் போகக் கடிதம் கேளுங்கள். கொழும்பிலும் பேராதனையிலும் பல் வைத்தியசாலைகள் உள்ளன. காத்திருக்க நேரலாம், கம்பி போட்ட பின்னும் சில வாரங்களுக்கு ஒருமுறை போக வேண்டும். ஒரே லயத்தில் இரண்டு பிள்ளைகள் போவதானால், தாய்மார் முறை வைத்துக் கூட்டிப் போகலாம். ஒருவருடைய சம்பளமாவது மிஞ்சும்.

பெரியவர்களும் பல்லைச் சீர்செய்யலாம். வெற்றிலை போடுபவர்கள் முதலில் ஈறையும் வாயையும் காட்டுங்கள். தனியார் இடத்துக்குப் போவதானால், அந்த வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, உங்கள் உரிமை.